கப்பலில் பின்கட்டு அறை

சிங்கப்பூரில் இருக்கும் என் மகள் போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். "அப்பா, டிசம்பர்ல நாம கப்பல்ல போறோம். நாலு ராத்திரி. பினாங்கு, புக்கெட் போயிட்டு மறுபடி சிங்கப்பூர். உங்களுக்கும் அம்மாவுக்கும் பால்கனி வெச்ச ரூம் போடறேன். கப்பல்ல எந்தப் பக்கம் வேணும்னு சொல்லுங்க."

கூடவே வாட்ஸ்அப்பில் கப்பலின் மாடி வரைபடத்தையும் அனுப்பினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நடுவில் இரண்டு ஓரமும் பால்கனிகள். கடைசியில், கப்பல் முடிகிற இடத்தில், பின்னால் பார்த்தபடி ஒரு வரிசை. அதற்கு ஆஃப்ட் பால்கனி என்று பெயராம். அதற்குக் காசும் கொஞ்சம் கூடுதல். எனக்குச் சிரிப்பு வந்தது. கப்பலின் பின்பக்கத்துக்குக் கூடுதல் காசா?

சிரித்ததற்குக் காரணம் உண்டு. படிக்கிற உங்களில் பலருக்குத் தெரியும், நான் சென்னைத் துறைமுகத்தில் 1974-இல் சேர்ந்து 2012-இல் ஓய்வு பெற்றவன். டக் படகில் கிரீசராகச் சேர்ந்து இன்ஜின் டிரைவராக முடித்தேன். பெரிய கப்பலை உள்ளே இழுத்து வந்து நிறுத்துவதும், வெளியே இழுத்து விடுவதும்தான் டக்கின் வேலை. ஒரு டக் முன்னால் கட்டினால் இன்னொன்று பின்னால். முப்பத்தெட்டு வருஷம் கப்பல்களின் பின்பக்கத்தோடுதான் குப்பை கொட்டினேன். அங்கே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? சுக்கான் இருக்கும், புரொப்பெல்லர் இருக்கும், மேலே புகைபோக்கி இருக்கும். சத்தம், அதிர்வு, கரி. மனுஷன் காசு கொடுத்துப் படுக்கிற இடமா அது?

"நடுவுல போடும்மா" என்றேன்.

"பின்னாடி போடச் சொல்லுங்க" என்றாள் என் மனைவி, அடுப்படியிலிருந்து.

அவள் இப்படி ஒன்றை வேண்டும் என்று கேட்பது அபூர்வம். கல்யாணமாகி 47 வருஷத்தில் புடவையைக்கூட நீங்களே எடுங்கள் என்று விட்டுவிடுகிறவள். நான் உட்கார வைத்து விளக்கினேன். திருவொற்றியூர் ஹை ரோட்டில் பல்லவன் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறாய் அல்லவா, பள்ளத்தில் இறங்கினால் தலை கூரையில் முட்டுமே, கப்பலிலும் அதே கணக்குதான். அலையில் கப்பல் முன்னும் பின்னும் ஏறி இறங்கும்போது நடுப்பகுதி அதிகம் அசையாது, இரண்டு முனையும்தான் ஆடும். இரண்டாவது, மெஷின் சத்தம். மூன்றாவது, உன் முழங்கால். முந்நூறு மீட்டர் நீளமுள்ள கப்பலில் கடைசி அறை என்றால் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நடக்க வேண்டும்?

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பரவாயில்ல, பின்னாடியே போடச் சொல்லுங்க" என்றாள். "எங்க நைனா பின்னாடிதான் போனாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் மாமனார் ராயபுரத்துக்காரர். பினாங்கில் ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதினார். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், இரண்டு மாதம் இருப்பார், போய்விடுவார். போனது வந்தது எல்லாமே ரஜூலா கப்பலில்தான். இளைய தலைமுறைக்காகச் சொல்கிறேன்: ரஜூலா பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல். 1926-இல் கிளாஸ்கோ பக்கம் கட்டியது. சென்னையில் புறப்பட்டு நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போகும். இடையில் யுத்த காலம் தவிர, 1973 வரை கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் நம் ஆட்களை ஏற்றி இறக்கிய கப்பல் அது. மேல்வகுப்பு கேபின்கள் கப்பலின் நடுவில், அசைவு குறைந்த இடத்தில். டெக் டிக்கெட் எடுத்தவர்கள் முன்னேயும் பின்னேயும், தளத்தில் பாயை விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுக்க வேண்டும். மாமனார் டெக் டிக்கெட். அவர் பாய் விரித்த பின்பக்கத்துக்குத்தான் இப்போது என் மகள் கூடுதல் காசு கட்டுகிறாள்.

1962-இல் அவர் புறப்பட்டபோது என் மனைவிக்கு ஒன்பது வயது. துறைமுகத்துக்குள் கூட்டிப்போகாமல், ராயபுரம் கடலோரத்தில் அவளுடைய ஆயா கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாராம். அது சரியான இடம்தான். நம் துறைமுகத்தின் வாய் வடகிழக்கில் இருக்கிறது. கிழக்கே திறந்திருந்த பழைய வாயில் மணல் மேடிட்டுக்கொண்டே இருந்ததால், பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அதை அடைத்துவிட்டு இந்தப் பக்கம் திறந்தார்கள். அதனால் வெளியே வருகிற கப்பல் ராயபுரத்துக்கு எதிரில் வந்து, அப்புறம் மெல்லத் திரும்பித் தெற்கே போகும். திரும்பும்போது அதன் பின்பக்கம் ராயபுரத்தைப் பார்க்கும்.

அன்றைக்கு இவள் மஞ்சள் பாவாடை கட்டியிருந்தாள். அடுத்த தடவை மாமனார் வந்தபோது சொன்னாராம்: "கப்பல் பின்னால நின்னுக்கிட்டே பாத்தேன். கோயில் கோபுரம் மறையிற வரைக்கும் உன் மஞ்சப் பாவாடை நல்லாத் தெரிஞ்சுது." இதை அவர் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் கல்யாணத்திலும் சொன்னார், என் மகளின் காதுகுத்திலும் சொன்னார். 1968-க்குப் பிறகு மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டும் என்று சட்டம் வந்து ஏராளமான நம் ஆட்கள் திரும்பினார்கள் அல்லவா, அந்தக் கூட்டத்தில் அவரும் திரும்பி வந்துவிட்டார். அப்புறம் ராயபுரத்தை விட்டு நகரவில்லை.

அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். கடலில் வேலை செய்கிறவனுக்குக் கண் எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும். தண்ணீரிலிருந்து ஆறு மீட்டர் உயரத்தில் நின்றால் அடிவானம் சுமார் ஐந்து கடல் மைல். அவ்வளவு தூரத்துக்குள் கோபுரம் தெரியும், மரம் தெரியும். ஆள் தெரியமாட்டான். கரையில் நிற்கிறவனுடைய முகம் ஒரு பர்லாங் போவதற்குள் காணாமல் போகும். கோபுரம் மறையும் வரைக்கும் பாவாடை தெரிந்தது என்பது ஒரு அப்பன் தன் பிள்ளைக்குச் சொன்னது.

சரி, பின்னாலேயே போடு என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.

மரினா பே கப்பல் முனையத்தில் ஏறினோம். நல்ல சொகுசு. நம் சென்னையிலிருந்தும் 2022 ஜூனில் சொகுசுக் கப்பல் ஓட ஆரம்பித்தது, எம்ப்ரஸ் என்று பெயர், நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாங்கள் போனது அதைவிட எவ்வளவோ பெரியது. லிஃப்டிலிருந்து எங்கள் அறைக்கு ஹோட்டல் வராந்தா போல நீண்ட நடை. கம்பளம் விரித்த அந்த வழியில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள். என் மனைவி நடுவில் இரண்டு தடவை நின்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது, அது வேறு.

பால்கனிக் கதவைத் திறந்ததும் எனக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. நான் நினைத்தது ஒன்று, அங்கே இருந்தது ஒன்று. பக்கவாட்டு அறையில் இருக்கும் மகளுடைய பால்கனியைவிட எங்களுடையது ஆழம் அதிகம். இரண்டு சாய்வு நாற்காலி போட்டு நடுவில் காபி வைக்க இடம் இருந்தது. கண்ணுக்கு எதிரே மறைப்பே இல்லை. பக்கவாட்டு பால்கனியில் ஒரு பக்கத்துக் கடல்தான் தெரியும், இங்கே இடது, வலது, நேர் மூன்றும் தெரிந்தது. கப்பல் கிளம்பியதும் பின்னால் அந்த வெள்ளை நுரைப் பாதை, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும், புதுச் சுண்ணாம்புக் கோடு இழுத்த மாதிரி நீண்டுகொண்டே போகிறது. நான் வேலை செய்த காலமெல்லாம் டக்கின் இன்ஜின் ரூமில் இருந்தவன். மேலே டெலிகிராஃப் மணி அடித்தால் முன்னே, பின்னே, நிறுத்து. ஆயிரக்கணக்கான கப்பல்களை வெளியே அனுப்பியிருப்பேன், எம்.வி. சிதம்பரம் உள்பட. (1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்ததோடு நம்மூர்-சிங்கப்பூர் பயணிகள் கப்பலே நின்றுபோயிற்று.) ஒரு கப்பல் கிளம்பிப் போவதை முழுசாக உட்கார்ந்து பார்த்ததில்லை.

காற்று விஷயத்தையும் சொல்ல வேண்டும். கப்பல் முன்னோக்கிப் போகும்போது எதிர்க்காற்றைக் கப்பலின் உடம்பே மறைத்துவிடுகிறது. மகள் பால்கனியில் தலைமுடி பறந்து பேச முடியவில்லை, எங்கள் பால்கனியில் நியூஸ் பேப்பரே படிக்கலாம். ஆனால் பின்காற்று கப்பலின் வேகத்துக்கே அடித்தால் ஒரு பொட்டுக் காற்று இராது, புழுக்கம்தான், புகைபோக்கியின் வாடையும் மெல்ல இறங்கும். இரண்டாம் நாள் மத்தியானம் அப்படி ஆயிற்று. கைப்பிடிக் கம்பியில் பொடிப் பொடியாகக் கரி. என் மனைவி துண்டை நனைத்து அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் பதறிப்போய், ஆளைக் கூப்பிடட்டுமா என்றாள். "எதுக்கு? நம்ம மொட்டை மாடியில காயப்போட்ட துணியில தினம் இதவிட ஜாஸ்தி இருக்கும்" என்றாள் இவள். திருவொற்றியூரில் குடித்தனம் நடத்தியவளுக்குக் கரியைக் காட்டியா பயமுறுத்த முடியும்?

சத்தத்தில் நான் பாதி தோற்றேன். பழைய கப்பல்களில் இன்ஜினிலிருந்து புரொப்பெல்லர் வரைக்கும் நீளமான தண்டு ஓடும், அதுதான் பின்பக்கத்தை உலுக்கும். புதுக் கப்பல்கள் பலவற்றில் அந்தத் தண்டே கிடையாது. கப்பலின் அடியில் ஒரு குடுவைக்குள் மின்சார மோட்டார், அதோடு ஒட்டினாற்போல புரொப்பெல்லர், குடுவையே திரும்பிக் கப்பலைத் திருப்பும், தனிச் சுக்கான் தேவையில்லை. ஓடும்போது லேசான முனகல், அவ்வளவுதான். எனக்கு அது தாலாட்டு. ஓய்வு பெற்ற புதிதில் வீட்டில் இன்ஜின் சத்தம் இல்லாமல் மூன்று மாதம் தூக்கம் வராமல் புரண்டவன் நான். கப்பலில் குழந்தை மாதிரித் தூங்கினேன்.

மீதிப் பாதி பினாங்குக்குள் நுழைந்த விடியற்காலையில் கிடைத்தது. துறைமுகத்தில் கப்பலை ஒதுக்கும்போது மோட்டாரை முன்னும் பின்னுமாக மாற்றிப் போடுவார்கள். ஐந்தரை மணிக்குக் கட்டில் நடுங்கி, குளியலறைக் கண்ணாடி டம்ளர் கடகடவென்று ஆடியது. அவள் எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கட்றாங்க, பயப்படாத" என்றேன். ஜெயித்த திருப்தி எனக்கு.

அந்தக் காலையில் இன்னொரு குறையும் தெரிந்தது. பின்பக்க அறையிலிருந்து, போய்ச் சேருகிற ஊர் தெரியாது. நைனா இறங்கிய ஊரைப் பார்க்கலாம் என்று அவள் பால்கனியில் போய் நின்றால், எதிரே நாங்கள் வந்த கடல்தான் இருந்தது. பினாங்கு எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. அவசரமாகச் சால்வையைப் போர்த்திக்கொண்டு லிஃப்ட் பிடித்து மேல்தளத்துக்குப் போனோம். பின்பக்க அறை எடுப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், ஊர் வருவதைப் பார்க்க வேண்டுமானால் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். கொம்தார் கட்டடமும் அதன் பின்னால் மலையும் அரை வெளிச்சத்தில் தெரிந்தன. "இவ்ளோ பச்சையா இருக்கும்னு நைனா சொல்லவே இல்லையே" என்றாள்.

ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் கடைத்தெரு பக்கத்திலேயே. மார்க்கெட் ஸ்ட்ரீட் என்பது பெயர்ப்பலகைக்கு, தமிழர்களுக்கு அது கடைத்தெருதான். முழங்காலை நினைத்து மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் போனோம். மல்லிகைப்பூ, பலசரக்கு, புடவைக்கடை, ஸ்பீக்கரில் தமிழ்ப் பாட்டு, மண்ணடிக்கு வந்த மாதிரி இருந்தது. குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்தோம். 1833-இலிருந்து இருக்கும் கோயில். நைனா வேலை பார்த்த மண்டி எதுவென்று கண்டுபிடிக்க முடியவில்லை. பெயர் தெரியும், கதவு எண் தெரியாது. இரண்டு கடையில் கேட்டோம். அவள் அதற்கு வருத்தப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாள். கப்பல் நாலரைக்கு.

மூன்றரைக்கே பால்கனியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

என்ன செய்யப் போகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. வழியனுப்ப எங்களுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? கரையில் கயிறு அவிழ்க்கிற ஆட்கள் நாலைந்து பேர் நின்றார்கள். எல்லோருக்கும் பளீர் மஞ்சளில் ரிஃப்ளெக்டர் மேல்சட்டை. அதில் ஒல்லியாக, மற்றவர்களைவிட்டுத் தள்ளி நின்ற ஒரு பையனைக் காட்டி, "அந்தப் புள்ளையப் பாத்துக்குங்க" என்றாள். கையில் வாட்ச்.

கயிறு விழுந்தது. கப்பல் பக்கவாட்டில் நகர்ந்து, அப்புறம் முன்னே போக ஆரம்பித்தது. பையன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தது தெரிந்தது. மூன்றாவது நிமிஷத்தில் முகம் போய்விட்டது. ஆறாவது நிமிஷத்தில் அவன் நிற்கிறானா நடக்கிறானா என்று சொல்ல முடியவில்லை. மகள் கதவைத் தட்டி டீ குடிக்க வரச் சொன்னாள், இவள் திரும்பவே இல்லை. பத்தாவது நிமிஷத்தில் ஆளே இல்லை, ஒரு மஞ்சள் புள்ளி மட்டும். எனக்கு அதுவும் தெரியவில்லை. கண்புரை ஆபரேஷன் செய்த கண். "தெரியுதா?" என்றேன். "தெரியுது." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டேன். "தெரியுது, பேசாம இருங்க."

பதினாறு நிமிஷம். அப்புறம் வாட்சைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"அப்போ நைனா சொன்னது நிசம்தான்" என்றாள். "மஞ்சள் தெரியும்."

நான் சொல்லியிருக்கலாம். அந்தச் சட்டை தூரத்தில் தெரிவதற்கென்றே செய்தது, வெளிச்சம் பட்டால் திருப்பி அடிக்கும், நீ கட்டியிருந்தது நாலு தடவை தோய்த்த பருத்திப் பாவாடை. ரஜூலா ராயபுரத்துக்கு எதிரே திரும்பும்போதே கரைக்கும் கப்பலுக்கும் ஒரு மைலுக்குக் குறையாது. கோபுரம் அதற்கப்புறம் ஒரு மணி நேரமாவது தெரிந்திருக்கும். இதெல்லாம் வாய் வரைக்கும் வந்தது.

"ஆமா, நல்லாத்தான் தெரியுது" என்றேன்.

அன்றைக்கு ராத்திரி தியேட்டரில் ஏதோ நிகழ்ச்சி. தியேட்டர் கப்பலின் முன்முனையில், எங்கள் அறை பின்முனையில். காசிமேட்டுப் பழைய ஆட்கள் பாஷையில் சொன்னால் அமரத்திலிருந்து அணியம் வரை நடக்க வேண்டும். அவள் வரவில்லை என்றுவிட்டாள். நானும் போகவில்லை. புக்கெட் போகிற வழியில் அந்தமான் கடலில் கொஞ்சம் அலை இருந்தது, பின்பக்கம் எழும்பி இறங்கியது. நான் எச்சரித்ததுதான். அவள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே இருட்டில் நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பல் வெளிச்சம் எட்டுகிற தூரம் வரைக்கும் வெள்ளை, அப்புறம் கறுப்பு.

திரும்பி வந்த மறுவாரம் ராயபுரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். முடித்துவிட்டுக் கடலோரம் போய் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். அவள் நின்ற இடம் இப்போது இல்லை. துறைமுகச் சுவர் தெற்கிலிருந்து வரும் மணலைத் தடுத்துக்கொண்டதால் அந்தப் பக்கம் மெரினா அகலமாயிற்று, இந்தப் பக்கம் கடல் ஊரைத் தின்றது. கருங்கல்லாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். "இங்கதான்" என்று தண்ணீரைக் காட்டினாள்.

முழங்கால் வலி உள்ளவர்களும், தலைசுற்றல் உள்ளவர்களும் நடுப்பகுதி அறையே எடுங்கள் என்று நான் இன்னமும் சொல்வேன். பின்பக்கம் எடுத்தால் மேல்மாடி பால்கனிகளிலிருந்து உங்கள் நாற்காலி தெரியுமா என்று வரைபடத்தில் பாருங்கள். சில கப்பல்களில் படிக்கட்டு மாதிரி அடுக்கியிருப்பதால் தெரியும், லுங்கியோடு உட்கார முடியாது. தலைக்கு மேலே சாப்பாட்டுக்கூடம் இருந்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கிற சத்தம் வரும்.

இதை எழுதி முடித்து அவளிடம் படிக்கக் கொடுத்தேன், அந்தச் சட்டை விஷயம் உட்பட. இனிமேல் மறைப்பானேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"ரிஃப்ளெக்டர் சட்டைன்னு எனக்குத் தெரியாதா? உங்களுத எத்தன வருஷம் தோய்ச்சிருக்கேன்."